ஓடையோரம் 320 வீடுகள்: மாமன்றத்தில் எதைக் கேட்பது?

கேள்வி: சென்னையின் தெற்குப் புறநகரில் குடியிருக்கிறோம். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடை. ஏரி நிரம்பினால் உபரிநீர் அதில்தான் வந்து பள்ளிக்கரணைப் பக்கம் போகும். ஓடையின் மறுகரையில் 4 ஏக்கர் காலி நிலத்தில் 320 வீடுகள் கொண்ட அடுக்குமாடி வரப்போகிறது. அதற்கான சாலை, மழைநீர் வடிகால் இணைப்பு பற்றிய பொருள் போன மாதம் மாமன்றத்துக்கு வந்தது. எங்கள் கவுன்சிலர் எதிர்த்தார். இன்னொரு வார்டு கவுன்சிலர், "பட்டா நிலம். அதில் கட்டாதே என்று சொல்ல நமக்கு என்ன அதிகாரம்? மக்களுக்கு வீடு வேண்டாமா?" என்றார். கூச்சலாகி, பொருளை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்துவிட்டார்கள். மாமன்றத்தால் இதைத் தடுக்க முடியுமா? நீர்நிலையிலிருந்து 75 மீட்டருக்குள் கட்டக் கூடாது என்று தீர்ப்பு இருப்பதாக எங்கள் நலச்சங்க வாட்ஸ்அப் குழுவில் வருகிறதே, உண்மையா? எனக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. என் தம்பி அந்தத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 லட்சம் முன்பணம் கட்டியிருக்கிறான். "நீ மட்டும் ஓடையோரம் இருக்கலாம், நான் வரக் கூடாதா அக்கா?" என்கிறான். அவனுக்கு என்ன சொல்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். கட்டட அனுமதியைப் பொறுத்தவரை மாமன்றத்தால் இதைத் தடுக்க முடியாது. சென்னைப் பெருநகரப் பகுதியில் 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி திட்ட அனுமதி கொடுப்பது சி.எம்.டி.ஏ. என்ற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். சிறிய வீடுகளுக்கான அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்றாலும், அது ஆணையரின் கையெழுத்தில் நடப்பது. மன்றத்தில் கை தூக்கி நடப்பதில்லை. 18.30 மீட்டருக்கு மேல் உயரும் கட்டடமாக இருந்தால் கோப்பு தலைமைச் செயலகம் வரை போய் வரும். ஆகவே "அனுமதிக்கக் கூடாது" என்று உங்கள் கவுன்சிலர் எவ்வளவு உரக்கப் பேசினாலும், அந்தப் பேச்சு போய்ச் சேர வேண்டிய மேசை அந்த அறையில் இல்லை.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். அந்த அறையில் வேறு சில விஷயங்கள் இருக்கின்றன. இவ்வளவு பெரிய மனைக்கு உள்ளே போடும் பொதுச்சாலையும், திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலமும் தானப் பத்திரம் மூலம் மாநகராட்சிக்கு வந்தாக வேண்டும். வளாகத்தின் மழைநீரை மாநகராட்சி வடிகாலில் சேர்ப்பது, பாதாளச் சாக்கடை இணைப்பு, குடிநீர், குழாய் பதிக்கச் சாலையை வெட்டுவது என்று எல்லாவற்றுக்கும் மாநகராட்சியிடம் வர வேண்டும். போன மாதம் உங்கள் மன்றத்துக்கு வந்ததும் அப்படிப்பட்ட பொருள்தான். இதையெல்லாம் வெறும் சம்பிரதாயமாக நினைத்து மேசையைத் தட்டி நிறைவேற்றிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் நிபந்தனை போடக்கூடிய இடம் இதுதான்.

மாமன்றம் முக்கியம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தாண்டும் திட்டங்களுக்கு 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி மாநில ஆணையத்தின் முன் அனுமதி தேவை. 320 வீடு என்றால் பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டிவிடும். ஆனால் கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்திலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். ஒரு அனல் மின் நிலையம் வந்தால் ஊரைக் கூட்டிக் கேட்பார்கள். உங்கள் ஓடைக்கரையில் 320 குடும்பங்கள் வந்தால் கேட்க மாட்டார்கள். அப்படியானால் இந்தத் திட்டத்தைப் பற்றி நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசி, அது நடவடிக்கைக் குறிப்பில் ஏறும் முக்கியமான இடம் உங்கள் மாமன்றம்தான். அந்தக் குறிப்பு பின்னால் பசுமைத் தீர்ப்பாயத்திலும் நீதிமன்றத்திலும் ஆவணமாக நிற்கும். போன கூட்டத்தில் ஏறியது "உறுப்பினர்களிடையே வாக்குவாதம், பொருள் ஒத்திவைக்கப்பட்டது" என்ற ஒரு வரி மட்டும்தான் என்றால், அது பெரிய இழப்பு. அடுத்த கூட்டத்தில் அப்படி விட்டுவிடாதீர்கள்.

சரி, எதைப் பேச வேண்டும்?

"மக்களுக்கு வீடு வேண்டாமா?" என்று கேட்ட கவுன்சிலரை எதிரியாக நினைக்காதீர்கள். அவர் கேட்டது நியாயமான கேள்வி. வாடகை ஏறிக்கொண்டே போகிற ஊரில், வேலைக்குப் போகும் இரண்டு பேர் சேர்ந்து கடன் வாங்கினால் எட்டக்கூடிய விலையில் வீடு இருக்கும் இடம் புறநகர்தான். உங்கள் தம்பியும் அதற்காகத்தான் அங்கே போயிருப்பார். "அடுக்குமாடியே வேண்டாம்" என்று நீங்கள் நின்றால், ஏற்கெனவே வீடு வைத்திருப்பவர்கள் கதவைச் சாத்துகிறார்கள் என்றுதான் மற்ற வார்டுகளுக்குத் தெரியும். எனவே வீடு வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்துக்குள் போகாதீர்கள். அந்த 4 ஏக்கரில் இன்று நிற்கிற, அதன் வழியாக இன்று போகிற மழைத்தண்ணீர் நாளை எங்கே போகும் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியிலிருந்து கொஞ்சமும் நகராதீர்கள்.

ஏன் இதையே பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று சொல்கிறேன். ஓடையோரத் திட்டங்களில் தெருக்களை மூழ்கடிப்பது பெரும்பாலும் கட்டடம் இல்லை. கட்டடம் எழும்புவதற்கு முன் கொட்டப்படும் மண். இப்படிப்பட்ட மனைக்கு நீர்வளத் துறையிடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். துறைப் பொறியாளர்கள் வந்து பார்த்து, வெள்ளம் சூழும் அபாயத்தைக் கணக்கிட்டு, சான்றில் நிபந்தனைகள் எழுதுவார்கள். அவற்றில் தவறாமல் இடம்பெறும் ஒன்று: மனையின் மட்டத்தை இவ்வளவு உயரத்துக்கு மண் நிரப்பி, கெட்டிப்படுத்தி உயர்த்த வேண்டும் என்பது. புதிய கட்டடத்துக்குள் தண்ணீர் வரக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில் எழுதப்படுவதுதான் இது. கட்டுகிறவரும் அதை அப்படியே நிறைவேற்றுவார். விதிமீறல் எதுவும் இருக்காது. ஆனால் இதுவரை அந்தப் பள்ளத்தில் போய்த் தேங்கிய தண்ணீருக்கு அங்கே இடம் இருக்காது. எதிர்க்கரையில் எது தாழ்வோ, அங்கே ஏறும். உங்கள் கடிதத்தில் உள்ள வர்ணனைப்படி பார்த்தால் அது உங்கள் தெரு.

கணக்கைப் பாருங்கள். 4 ஏக்கர் என்பது ஏறக்குறைய 16,190 சதுர மீட்டர். அதை 1.2 மீட்டர், அதாவது நாலடி உயர்த்தினால் சுமார் 19,400 கன மீட்டர் மண். அவ்வளவு கன அளவு வெள்ளத்துக்கு இருந்த இடம் போய்விட்டது என்று அர்த்தம்: 1 கோடியே 94 லட்சம் லிட்டர். கோடையில் உங்கள் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் அளந்தால் 1,600 லோடுக்கு மேல். மேலே இருந்து ஓடை கொண்டுவரும் வெள்ளத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கிப் பெய்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் பதிவானது 49 சென்டிமீட்டர். அன்று எந்த வீட்டில் எந்தப் படி வரை தண்ணீர் ஏறியது என்பது உங்கள் தெருவில் எல்லோருக்கும் நினைவிருக்கும். சுவரில் கறை தெரிகிற வீடுகளும் இருக்கலாம். அந்தக் கறைதான் உங்களிடம் இருக்கும் பெரிய சான்று. ஒரு சர்வேயரைக் கூப்பிட்டு அந்தக் கறைகளின் மட்டத்தையும், ஓடையின் தரைமட்டத்தையும், எதிரே உள்ள மனையின் இன்றைய மட்டத்தையும் ஒரே தாளில் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் வேலை. சங்கத்தில் வீட்டுக்குக் கொஞ்சம் போட்டால் முடிந்துவிடும். கட்டுகிறவரின் வரைபடத்தில், வேலை முடிந்தபின் மனையின் தரைமட்டம் இவ்வளவு என்று ஓர் எண் இருக்கும். இரண்டு எண்களையும் அருகருகே வைத்து மன்றத்தில் ஒரு கவுன்சிலர் படித்துக் காட்டினாலே போதும், பேச்சின் திசை மாறிவிடும்.

அடுத்து சுற்றுச்சுவர். ஓடைக்கரை நெடுக இடைவெளியே இல்லாமல் ஆறடி சுவர் எழுப்பினால், வெள்ளம் பரவுவதற்கு ஒரு பக்கம் அடைபட்டுவிடும். சுவரின் அடியில் போதிய திறப்புகள் விட வேண்டும், அல்லது அந்தப் பக்கம் கம்பி வேலியாக இருக்க வேண்டும் என்று கேட்கலாம். உள்ளே போவதற்கு ஓடைக்குக் குறுக்கே சிறுபாலம் போடுவார்கள். அதன் கண் அகலம் ஓடையின் அகலத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு குழாயைப் புதைத்து மேலே காங்கிரீட் போட்டு முடித்துவிடுகிற வேலையை ஒப்புக்கொள்ளவே கூடாது. குப்பையும் ஆகாயத்தாமரையும் வந்து அடைக்கிற முதல் இடம் அதுதான்.

"ஓடையை நாங்களே சீரமைத்து, இருபுறமும் காங்கிரீட் சுவர் எழுப்பி, நடைபாதை போட்டுத் தருகிறோம்" என்று ஒரு யோசனையும் அநேகமாக வரும். கேட்க நன்றாக இருக்கும்; மன்றத்தில் கைதட்டலும் கிடைக்கும். எத்தனை மீட்டர் அகலத்துக்குச் சுவர் என்று மட்டும் கேளுங்கள். ஆவணத்தில் 12 மீட்டர் இருக்கும் ஓடைக்கு 5 மீட்டரில் பெட்டி வடிகால் கட்டிவிட்டு, மீதியைப் பூங்காவாகவும் பாதையாகவும் ஆக்குவது சீரமைப்பு இல்லை. அது ஓடையைச் சுருக்குவது.

இதற்கெல்லாம் அடிப்படை, ஓடையின் உண்மையான அகலம் எவ்வளவு, அது யாருடையது என்பது. "பட்டா நிலம்" என்ற ஒரு சொல்லில் விவாதத்தை முடித்துவிட முடியாது. சர்வே எண்ணை வைத்துக்கொண்டு வருவாய்த் துறையின் இணையச் சேவையில் நிலத்தின் வகைப்பாட்டைச் சொல்லும் அ-பதிவேடும், எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படமும் எடுங்கள். ஓடைக்குத் தனி சர்வே எண் இருந்து "ஓடை" அல்லது "வாய்க்கால்" புறம்போக்கு என்று வகைப்பாடு இருந்தால், அதில் ஓரடி கூட யாருக்கும் பட்டா ஆக முடியாது. வருவாய்த் துறை ஆட்சேபகரமான புறம்போக்கு என்று சொல்லும் வகை அது. ஓடைப் புறம்போக்கு ஆக்கிரமிப்பு பற்றிய எல். கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2005-ல் சொன்னது இன்றும் இதற்கெல்லாம் ஆதாரம். நீர்நிலைகளைக் கண்டறிந்து பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டியது அரசின் கடமை என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

ஆனால் இன்றைய பதிவேட்டோடு நின்றுவிடாதீர்கள். 1980-களில் யு.டி.ஆர். என்ற பதிவேடு புதுப்பிக்கும் வேலை நடந்தது. அதில் பட்டா ஏறிய விதத்தில் நிறையப் பிழைகள் உண்டு. அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் பழைய கிராம வரைபடத்தையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு போட்டு வாங்குங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாள் கெடு. பழைய படத்தில் ஓடை அகலமாக இருந்து புதிய படத்தில் ஒரு கோடாகச் சுருங்கியிருந்தால், அதைவிட வலுவான வாதம் வேறு இல்லை. இன்னொன்றையும் பாருங்கள். சில சின்ன வாய்க்கால்களுக்குத் தனி எண்ணே இருக்காது. பட்டா நிலத்தின் குறுக்கே புலப்படத்தில் மெல்லிய கோடாக மட்டும் போகும். நிலம் தனியாருடையதுதான். ஆனாலும் அதன் வழியாக மேல்பகுதித் தண்ணீர் காலகாலமாகப் போய் வந்திருக்கிறது. மண் கொட்டும்போது முதலில் காணாமல் போவது இந்தக் கோடுகள்தான். உங்கள் தெருவில் முன்பு விவசாயம் பார்த்த பெரியவர்கள் யாராவது இருந்தால் அவர்களை உட்காரவைத்துக் கேளுங்கள். கலங்கல் எங்கே, மதகு எங்கே, எந்த வாய்க்கால் எந்தக் கழனிக்குப் பாய்ந்தது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த அலுவலகத்துக்கும் தெரியாது.

உங்கள் பகுதிக்கு இது எவ்வளவு முக்கியம் என்பதை மற்ற வார்டு கவுன்சிலர்களுக்கும் புரியவைக்க வேண்டும். தென்சென்னைப் புறநகரின் ஏரிகள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக அமைந்த சங்கிலித் தொடர். செம்பாக்கம் ஏரி நிரம்பினால் நன்மங்கலத்துக்கு. இப்படியே இறங்கி இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம், கடல். ஒரு ஓடையை ஓரிடத்தில் நெருக்கினால் மேலே இருக்கிற ஏரியின் கரையோர வார்டுக்கும் தண்ணீர் எதிர்த்து ஏறும். "மக்களுக்கு வீடு வேண்டாமா?" என்று கேட்ட கவுன்சிலரின் வார்டு எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். உங்களுக்கு மேலே இருந்தால், அவரைக் கூட்டத்துக்கு முன்பே போய்ப் பார்த்து இதைச் சொல்லலாம். அவருக்கும் மழைக்காலத்தில் இரவு 2 மணிக்கு போன் வரும்.

பள்ளிக்கரணை 2022-ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, பரப்பு 1,247.54 ஹெக்டேர். 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அந்த எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள்ளும், தாக்க மண்டலத்தை வரையறுக்கும் ஆய்வு முடியும் வரை கட்டுமான அனுமதி தர வேண்டாம் என்றது. உங்கள் மனை அந்தத் தூரத்துக்குள் வருகிறதா என்பதை சர்வே எண்ணோடு சி.எம்.டி.ஏ.விடம் எழுத்தில் கேளுங்கள். அந்த உத்தரவு இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். உள்ளே வந்தால் மன்றத்தில் உங்கள் வேலை பாதி முடிந்தது. வராவிட்டாலும் மேலே சொன்ன மட்டக் கணக்கு அப்படியே நிற்கும்.

அந்த 75 மீட்டர் விஷயம். அது பெங்களூருவுக்கான தீர்ப்பு. 2016 மே மாதம் பசுமைத் தீர்ப்பாயம் அங்குள்ள ஏரிகளுக்கு 75 மீட்டர், ராஜகால்வாய் எனப்படும் மழைநீர்க் கால்வாய்களுக்கு அளவைப் பொறுத்து 50, 35, 25 மீட்டர் என்று இடைவெளி விதித்தது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. நம் மாநிலத்தில் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் நீர்நிலையை ஒட்டிய மனைகளுக்குத் தனி விதி இருக்கிறது. அதில் உள்ள தூரம் 75 மீட்டரைவிட மிகக் குறைவு. தயவுசெய்து உங்கள் கவுன்சிலர் கையில் அந்த வாட்ஸ்அப் செய்தியைக் கொடுத்து மன்றத்தில் பேசவைக்காதீர்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே நிமிடத்தில் அதை உடைப்பார். அதோடு சேர்ந்து நீங்கள் சொன்ன உண்மையான விஷயங்களும் அடிபட்டுப் போகும்.

இனி தீர்மானம். "திட்டத்தை எதிர்க்கிறோம்" என்ற தீர்மானத்தால் பயன் குறைவு. இப்படி ஒன்றை உங்கள் கவுன்சிலர் கொடுக்கலாம்:

"சர்வே எண் … மனைக்குச் சாலை, மழைநீர் வடிகால் இணைப்பு வழங்கும் பொருள், நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றும் அதனுடன் இணைந்த வரைபடமும், மனையின் தற்போதைய மட்டம், உத்தேச மட்டம், எதிர்க்கரைத் தெருக்களின் மட்டம் ஆகியவை அடங்கிய அறிக்கையும் மன்றத்தின் முன் வைக்கப்படும் வரை நிறுத்திவைக்கப்படுகிறது. வருவாய்த் துறையும் நீர்வளத் துறையும் கூட்டாக ஓடையை அளந்து எல்லைக்கல் நட ஆணையர் கோர வேண்டும். திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலம் ஓடைக்கரையை ஒட்டியே பெறப்பட வேண்டும் என்று சி.எம்.டி.ஏ.வுக்கு எழுத வேண்டும்."

இதில் கடைசி வரியை உங்கள் கவுன்சிலர் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மனை 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானம் கொடுத்தாக வேண்டும். அதற்குப் பதிலாகப் பணம் கட்டித் தப்ப முடியாது. 4 ஏக்கரில் அது 40 சென்டுக்குச் சற்றுக் குறைவாக வரும். வழக்கமாக அதை யாருக்கும் பயன்படாத ஒரு மூலையில் ஒதுக்குவார்கள். அதையே ஓடையின் நீளத்துக்குப் பட்டையாகக் கேட்டு வாங்கி, மண் நிரப்பாமல், இன்றைய மட்டத்திலேயே புல்லும் மரமுமாக விட்டால், வெள்ளம் பரவ அரசு செலவில்லாமல் ஓர் இடம் கிடைக்கிறது. வாகனம் நிறுத்துமிடத்தை மண் மேட்டின் மேல் கட்டாமல், தூண்கள் மேல் வீடுகளை எழுப்பித் தரைத்தளத்தையே பார்க்கிங்காக விடச் சொல்லலாம். இரண்டையும் கட்டுகிறவர் ஏற்றுக்கொண்டால், ஓடை எல்லையும் ஆவணப்படி சரியாக இருந்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்தத் திட்டத்தை எதிர்க்க மாட்டேன்.

ஏற்காமல் போனால், சுற்றுச்சூழல் அனுமதி எப்போது வெளியாகிறது என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் சங்கத்தில் யாராவது ஒருவர் தொடர்ந்து பார்த்து வர வேண்டும். அந்த அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்; தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அதற்குப் பிறகு வழக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கதவு மூடிவிடும். நிறைய நலச்சங்கங்கள் இந்தக் கெடு தெரியாமல் ஆட்சியரிடம் மனு கொடுத்துக் கொடுத்தே நாளைக் கடத்திவிடுகின்றன. பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

இப்போது உங்கள் தம்பி. "நீ மட்டும் இருக்கலாமா?" என்று அவர் கேட்டதில் தப்பில்லை. உங்கள் வீடும் ஒரு காலத்தில் கழனியாகவோ ஏரி உள்வாயாகவோ இருந்த இடத்தில் இருக்கலாம். அளவை நடக்கும்போது உங்கள் பக்கக் கரையையும் அளப்பார்கள். பின்வாசல் படியோ, கழிவுநீர்த் தொட்டியோ ஓடைக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் எடுக்கச் சொல்வார்கள். அதற்கு உங்கள் தெரு தயாராக இருக்க வேண்டும். இதைச் சங்கக் கூட்டத்தில் முன்கூட்டியே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். எதிர்க்கரையை மட்டும் அள என்று கேட்கிற மனுவுக்கு எங்கேயும் மரியாதை கிடைக்காது. அதே சமயம் தம்பியிடம் சொல்லுங்கள்: ஓடை எல்லைக்கும் மட்டத்துக்கும் நீங்கள் கேட்கும் உத்தரவாதத்தால் முதலில் பயனடையப் போவது அந்த 320 குடும்பங்கள். கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களை அரசே செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்க் குடியமர்த்தியது. ஆற்றோரம் வெள்ளம் என்று பெயர்த்தெடுக்கப்பட்டவர்கள், மழை வந்தால் அங்கேயும் முழங்கால் தண்ணீரில் நடக்கிறார்கள். கட்டடம் புதிதாக இருந்தால் போதாது, சுற்றியுள்ள சாலையும் மின்மாற்றியும் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். நாலடி உயர்த்திய வளாகத்தில் மூன்று நாள் மின்சாரமும் பால் பாக்கெட்டும் இல்லாமல் மாட்டிக்கொள்வதும் வெள்ளப் பாதிப்புதான்.

பணம் பற்றி அவர் உடனே பார்க்க வேண்டியது ஒன்று. திட்டம் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்கிறதா? திட்ட அனுமதி கிடைக்காமல் பதிவு கிடைக்காது. பதிவு இல்லாமல் விளம்பரம் செய்வதும், முன்பணம் வாங்குவதும் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவுக்கு விரோதம். உங்கள் மன்றத்தில் இப்போதுதான் சாலை பற்றிப் பேசுகிறார்கள் என்றால், பதிவு எண்ணைக் கேட்காமல் இருக்கவே கூடாது. பதிவு இருந்தாலும், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "முன்பதிவுக் கட்டணம், திருப்பித் தர இயலாது" என்று இருந்தால் அதற்குப் பயந்து பேசாமல் இருந்துவிட வேண்டாம். பதிவில்லாத திட்டத்துக்கு வாங்கிய பணத்தைக் கேட்டு ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். இன்னொரு ரூபாய் கட்டுவதற்கு முன், அனுமதி பெற்ற வரைபடத்தையும் நீர்வளத் துறைச் சான்றின் நகலையும் எழுத்து மூலம் கேட்கச் சொல்லுங்கள். வாங்குகிறவருக்கு அனுமதி வரைபடங்களைக் கேட்டுப் பெறும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. நீங்கள் தகவல் உரிமை மனு போட்டு 30 நாள் காத்திருக்க வேண்டிய தாளை, அவர் ஒரு மின்னஞ்சலில் வாங்கிவிட முடியும். அந்த வகையில் நீங்கள் இருவரும் ஒரே பக்கம் நிற்கலாம்.

அடுத்த மன்றக் கூட்டத் தேதியை உங்கள் கவுன்சிலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குள் அ-பதிவேடு, புலப்படம், சர்வேயரின் மட்டத் தாள் மூன்றையும் தயார் செய்யுங்கள். பார்வையாளர் பகுதியில் நாலைந்து பேராவது போய் உட்காருங்கள். கோஷம் வேண்டாம். தீர்மானத்தை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிவிட வேண்டும். கூட்டம் நடக்கும்போது நீட்டினால் ஏற்க மாட்டார்கள். வார்டின் பகுதி சபைக் கூட்டம் இடையில் வந்தால் அங்கேயும் இதே வாசகத்தைப் பதிவு செய்யுங்கள். நீர்வளத் துறைச் சான்று கைக்கு வந்ததும் பெயர், விலாசத்தை மறைத்துவிட்டு ஒரு நகல் எனக்கு அனுப்புங்கள். அதில் உள்ள மட்டக் கணக்கு உங்கள் சர்வேயர் எடுத்ததோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து எழுதுகிறேன்.